வெலிங்டனுக்கு வந்த டுராண்ட் கோப்பை

தமிழ்நாட்டுக் கால்பந்து என்றால் பேச்சு வியாசர்பாடியில் தொடங்கி சென்னை நேரு விளையாட்டரங்கில் முடிந்துவிடுகிறது. நீலகிரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் தேயிலை, மலை ரயில், மிஞ்சிப்போனால் ஸ்னூக்கர் ஆட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊட்டி கிளப் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு பேச்சிலும் விடுபட்டுப்போன செய்தி ஒன்று உண்டு. ஆசியாவின் மிகப் பழமையான கால்பந்துப் போட்டியான டுராண்ட் கோப்பையை 1955-லும் 1958-லும் வென்ற அணி, குன்னூரை ஒட்டிய வெலிங்டனைச் சேர்ந்தது. மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் என்பது அதன் பெயர், எம்.ஆர்.சி. என்றால்தான் நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும்.

இது ஏதோ ஒரு நல்ல நாளில் கைகூடிய வெற்றி என்று ஒதுக்கிவிட முடியாது. 1950 முதல் 1959 வரை டுராண்ட் கோப்பை பத்து முறை வழங்கப்பட்டது. அந்தப் பத்தையும் நான்கே அணிகள் பங்கிட்டுக்கொண்டன. ஹைதராபாத் சிட்டி போலீஸ் மூன்று, ஈஸ்ட் பெங்கால் மூன்று, மோகன் பகான் இரண்டு, எம்.ஆர்.சி. இரண்டு. இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று எல்லோரும் சொல்லும் பத்தாண்டு அது. இந்தியா 1951-இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியதும், 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்ததும் அந்தக் காலத்தில்தான். அப்போது ஹைதராபாத் போலீசுக்குப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். இந்திய அணிக்கும் அவர்தான். கல்கத்தா அணிகளுக்குப் பின்னால் நாட்டின் பெரும் ரசிகர் கூட்டம் நின்றது. அந்த வரிசையில், கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே உள்ள ஒரு படைமுகாம் ஊரின் அணி, மோகன் பகானுக்குச் சமமாக நிற்கிறது. தமிழில் இதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. இந்த மௌனம் எனக்கு உறுத்துகிறது.

ஒரு சிறிய ஊர் எப்படிப் பெரிய கோப்பையை எடுக்கிறது? இதற்குப் பதில் தேடும்போது இத்தாலி துணைக்கு வருகிறது. அந்த நாட்டின் கோப்பைப் போட்டியும் ஒரு சிறிய ஊரில்தான் தொடங்கியது.

1921-22-இல் இத்தாலியக் கால்பந்து இரண்டாகப் பிளந்தது. லீக்கில் அணிகள் மிகுந்துபோயின, குறைக்க வேண்டும் என்று பெரிய கிளப்கள் கேட்டன. சிறிய கிளப்கள் மறுத்தன. பெரியவர்கள் பிரிந்து தனிச் சங்கம் கண்டார்கள். கூட்டமைப்பிடம் எஞ்சியவை பெரும்பாலும் சிறிய ஊர்களின் அணிகள். அந்த ஆண்டுதான் கோப்பா இத்தாலியா என்ற நாக்-அவுட் போட்டி பிறந்தது. 1922 ஜூலையில் நடந்த இறுதியாட்டத்தில் உதினேசே அணியை 1-0 என்று தோற்கடித்துக் கோப்பையை எடுத்தது வாதோ. லிகூரியா கடற்கரையில், சவோனாவுக்குப் பக்கத்தில் உள்ள தொழிற்சாலை ஊர் அது. கீழ்நிலைப் பிரிவில் ஆடிய அணி. கூடுதல் நேரத்தில் கோல் போட்ட விர்ஜீலியோ லெவ்ராத்தோவுக்கு அப்போது பதினெட்டு வயது நிரம்பவில்லை. அவன் அடித்த பந்து வலையைக் கிழித்துக்கொண்டு போனது என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். வலை உண்மையில் கிழிந்ததோ இல்லையோ, வெற்றியாளர் பட்டியலின் முதல் வரியில் வாதோ என்ற பெயர் நிற்கிறது. யுவென்டஸ் பதினைந்து முறை வென்றும் அந்த முதல் வரியைத் தொட முடியாது.

லீக்கில் இப்படி நடக்காது. அங்கே ஆண்டு முழுக்க ஆட வேண்டும். பதினொரு பேருக்குப் பின்னால் இன்னொரு பதினொரு பேரை வைத்துக்கொள்ளும் வசதி உள்ளவன்தான் கடைசியில் மேலே நிற்பான். நாக்-அவுட்டில் ஒரு பிற்பகல் போதும். தோற்றால் ஊருக்கு வண்டி, ஜெயித்தால் அடுத்த சுற்று. ஆனால் அந்த ஒரு பிற்பகலுக்கு ஓர் அணி வந்து சேர வேண்டுமென்றால், அதற்கு முன்பே யாரோ அந்த ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டு, மைதானம் கொடுத்து, காலையில் பயிற்சிக்கு எழுப்பி வளர்த்திருக்க வேண்டும். எம்.ஆர்.சி.யின் கதையில் என் கவனத்தை இழுப்பது இந்தப் பகுதிதான்.

மதராஸ் ரெஜிமென்டின் வரலாறு 1758-க்குப் போகிறது. இந்தியக் காலாட்படையில் அதைவிட மூத்த ரெஜிமென்ட் கிடையாது. இருந்தும், வடமேற்கிலும் நேபாளத்திலும் பிறந்தவர்களே போர்க்குணம் கொண்ட இனங்கள் என்று பிரிட்டிஷ் தளபதிகள் முடிவுகட்டிய காலத்தில், தென்னிந்தியர்களின் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1920-களின் முடிவில் காலாட்படையாக மதராஸ் ரெஜிமென்டே இல்லாமல் போனது. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட பிறகுதான் அதை மறுபடி எழுப்பினார்கள். அதன் பயிற்சி மையம் 1947 பிப்ரவரியில் வெலிங்டனில் குடியேறியது. ஜகதளா கிராமத்தை ஒட்டி 1850-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகக் கட்டிய பாரக்ஸ், தம்பிகளின் வீடானது. மதராஸ் சிப்பாய்க்குப் படையில் இன்றும் தம்பி என்றுதான் பெயர்.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் 1958 இறுதியாட்டத்தின் எடை புரியும். எதிரே நின்ற அணி கூர்க்கா பிரிகேட். போர்க்குண இனம் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட படையும், அந்தத் தகுதி இல்லை என்று கலைக்கப்பட்ட படையும் டில்லியில் ஒரே பந்துக்காக மோதின. தம்பிகள் ஜெயித்தார்கள். அந்த இனக் கோட்பாட்டை வரலாற்று ஆசிரியர்கள் பல நூல்களில் மறுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு மறுப்பும் இருக்கிறது என்பதை அவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1955-இல் எதிரணி இந்திய விமானப் படை. இரண்டு இறுதியாட்டங்களுமே படைகளுக்குள் நடந்தவை என்பதும் கவனிக்கத்தக்கது.

டுராண்ட் கோப்பையே படைகளுக்காகப் பிறந்ததுதான். 1888-இல் சிம்லாவில் அதைத் தொடங்கியவர் பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலர் மார்டிமர் டுராண்ட். ஆப்கானிஸ்தானுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே எல்லைக்கோடு கிழித்த அதே டுராண்ட். அரை நூற்றாண்டுக்குப் பெரும்பாலும் வெள்ளைக்கார ரெஜிமென்டுகளே கோப்பையை எடுத்துக்கொண்டிருந்தன. போட்டி டில்லிக்கு வந்த 1940-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் அணி அந்த வரிசையை உடைத்தது. விடுதலைக்குப் பிறகு 1950-இல் போட்டி மீண்டும் தொடங்கியபோது கதவு நன்றாகத் திறந்துவிட்டது. கல்கத்தா கிளப், போலீஸ், விமானப் படை, ரெஜிமென்ட் என்று வேறு வேறு வழியில் வளர்ந்த அணிகள் ஒரே அட்டவணையில் இடம்பெற்றன.

அன்றைய இந்தியாவில் கால்பந்துத் தொழில்முறை என்பது இந்த வடிவில்தான் இருந்தது. இத்தாலியில் 1923-இல் அன்யெல்லி குடும்பம் யுவென்டஸின் தலைமைக்கு வந்து, ஃபியட் கார் தொழிற்சாலையின் பலம் கிளப்புக்குப் பின்னால் சேர்ந்தது. 1926-இல் வியாரெஜ்ஜோ சாசனம், ஆட்டக்காரருக்குப் பணம் கொடுப்பதற்கு முதன்முதலாகச் சட்டபூர்வமான வழி திறந்தது. நம் நாட்டில் அப்படிச் சாசனம் எதுவும் எழுதவில்லை. வேலை கொடுத்தார்கள், அவ்வளவுதான். போலீஸ், ரயில்வே, ராணுவம், பொதுத்துறை ஆலை எதுவானாலும் மாதச் சம்பளம், தங்க இடம், வயதான பின் பென்ஷன். பந்தாட்டம் தெரிந்த ஏழைப் பையனுக்கு இதைவிட உறுதியான ஒப்பந்தத்தை இன்றைய கிளப்கள்கூடத் தருவதில்லை. 1977-இல் கொச்சியில் நடந்த முதல் ஃபெடரேஷன் கோப்பையில் மோகன் பகானைத் தோற்கடித்தது பெங்களூர் ஐ.டி.ஐ., தொலைபேசிக் கருவி செய்யும் ஆலையின் அணி. அதே முறையின் இன்னொரு பலன் அது.

வெலிங்டனில் அந்த முறை வளர்த்தெடுத்த மிகப் பெரிய பெயர் பீட்டர் தங்கராஜ். 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர், செகந்திராபாத் கிளப்களில் ஆடியவர். 1953-இல் ராணுவத்தில் சேர்ந்து எம்.ஆர்.சி.க்கு வந்தபோது அவர் கோல்கீப்பர் அல்ல, சென்டர் ஃபார்வர்டு. கோல் போடுவதற்கென வந்தவரைக் கோல் போஸ்டுக்கு நடுவே நிறுத்தியது இந்த மலையில்தான். ஆறடியைத் தாண்டிய உயரம், பந்தைப் பாதி மைதானத்துக்கு அப்பால் உதைத்து அனுப்பும் கால். இரண்டு டுராண்ட் வெற்றிகளிலும் அவர் அணியில் இருந்தார். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் பெற்றார். 1960-இல் அவர் தலைமையில் சர்வீசஸ் அணி சந்தோஷ் கோப்பையை முதன்முறையாக வென்றது. பிறகு கல்கத்தா அவரை அழைத்துக்கொண்டது. முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் உடல்நலக் குறைவால் முந்தைய ஆட்டங்களில் வெளியே இருந்தவர், தென் கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் கோலுக்கு முன்னால் நின்றார். இந்தியா 2-1 என்று தங்கம் வென்றது. 1967-இல் அர்ஜுனா விருது. 2008-இல் பொகாரோவில் காலமானார்.

இத்தாலிக்கும் வெலிங்டனுக்கும் நேரடியான தொடர்பு ஒன்றே ஒன்று உண்டென்றால் அது தங்கராஜ்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கோல்கீப்பர் அவர். மூன்று ஆட்டங்களில் ஒன்றுகூட ரோமில் நடக்கவில்லை. ஹங்கேரியுடன் லாக்விலாவில், பிரான்சுடன் க்ரோஸ்ஸேத்தோவில், பெருவுடன் பெஸ்காராவில். ஹங்கேரியிடம் 1-2, பி.கே. பானர்ஜி கோல் போட்ட பிரான்ஸ் ஆட்டம் 1-1, பெருவிடம் 1-3. அத்தோடு இந்தியா வெளியேறியது. அதற்குப் பிறகு இன்றுவரை எந்த ஒலிம்பிக் கால்பந்துக்கும் தகுதி பெறவில்லை. அந்த மூன்று ஊர்களும் மிலான், டூரின் போன்றவை அல்ல. லாக்விலா அப்ருட்ஸோ மலைகளுக்கு நடுவே உள்ள ஊர். மூன்றிலும் ஊர்ப்பெயரைச் சுமக்கும் கிளப் இருக்கிறது. கீழ்ப் பிரிவுகளில் ஏறியும் இறங்கியும் காலம் தள்ளுகின்றன. பெஸ்காரா மட்டும் அவ்வப்போது முதல் பிரிவான சீரி ஆ வரை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களுக்காகத்தான் ஒரு நாட்டுக் கோப்பை இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இன்றைய இத்தாலியக் கோப்பை அவற்றைத் தேடிப் போவதில்லை. 1943-க்குப் பிறகு நின்றுபோன போட்டி 1958-இல் புத்துயிர் பெற்றது. அந்த ஆண்டு லாட்சியோ வென்றது. 1962-இல் இரண்டாம் பிரிவிலிருந்த நாப்போலி, ஸ்பால் அணியைத் தோற்கடித்துக் கோப்பையை எடுத்தது. அதற்குப் பிறகு எந்த இரண்டாம் பிரிவு அணியும் வெல்லவில்லை. 1994-இல் அங்கோனா இறுதிவரை வந்து சாம்ப்தோரியாவிடம் தோற்றது. 2015-16-இல் மூன்றாம் பிரிவின் அலெஸ்ஸாந்திரியா அரையிறுதிக்கு வந்து நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. ஆனால் மிலானுடன் ஆட வேண்டிய அதன் சொந்த ஊர் ஆட்டம்கூட, மைதானம் சிறியது என்று டூரினுக்கு மாற்றப்பட்டது. 2021-இல் கதவை இன்னும் சாத்தினார்கள். 78 அணிகள் ஆடிவந்த போட்டி 44 அணிகளுக்குச் சுருங்கியது. முதலிரண்டு பிரிவுகளின் 40 அணிகள், மூன்றாம் பிரிவிலிருந்து நான்கே நான்கு. நான்காம் பிரிவுக்கு இடமே இல்லை. முன்னணி எட்டு அணிகள் கடைசிப் பதினாறு சுற்றில்தான் களமிறங்குகின்றன, அதுவும் தம் சொந்த மைதானத்தில். தொலைக்காட்சிக்கு இது லாபம். ஸ்பெயினில் கீழ்ப்பிரிவு அணியின் ஊருக்குப் பெரிய அணி போய் ஆட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இத்தாலியின் ஏற்பாடோ இன்னொரு வாதோ வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. கால்பந்தில் நான்கு முறை உலகக் கோப்பை வென்ற நாடு இதைச் செய்தது வருத்தமான விஷயம்.

நம் பக்கம் என்ன நடந்தது? 1958-க்குப் பிறகு எம்.ஆர்.சி. டுராண்ட் கோப்பையை மீண்டும் வெல்லவில்லை. கூர்க்கா பிரிகேட் 1966-லும் 1969-லும் வென்றது. எல்லைப் பாதுகாப்புப் படை எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்தது. பக்வாராவின் ஜே.சி.டி. மில்ஸ், மும்பையின் மஹிந்திரா போன்ற கம்பெனி அணிகள் வந்தன, அவையும் கலைக்கப்பட்டன. 2016-இல் ஆர்மி க்ரீன் அணி வென்றதுதான் படைத்தரப்பின் அண்மைய வெற்றி. 2019 முதல் போட்டி கொல்கத்தாவை மையமாகக் கொண்டு நடக்கிறது, இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்கள் பெரும் பணத்தோடு வருகின்றன. ஆனாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். ராணுவம், விமானப் படை அணிகளுக்கு டுராண்டில் இன்றும் இடம் இருக்கிறது. கோக்ரஜார் போன்ற சிறிய ஊரிலும் ஆட்டம் நடத்துகிறார்கள். அந்த அளவில் இத்தாலியக் கோப்பையைவிட நம்முடையது தாராளமானது.

சென்னைக்கு இத்தாலி வராமலும் இல்லை. 2014-இல் சென்னையின் எஃப்.சி. அணிக்குப் பயிற்சியாளராக மார்கோ மாத்தெராட்சி வந்தார். அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்தாவும் வந்து ஆடினார். மாத்தெராட்சி இன்டர் அணியோடு நான்கு முறை இத்தாலியக் கோப்பை வென்றவர். நெஸ்தா லாட்சியோவோடு இரண்டு முறையும் மிலானோடு ஒரு முறையும் வென்றவர். மாத்தெராட்சியின் கீழ் சென்னை 2015-இல் ஐ.எஸ்.எல். பட்டம் எடுத்தது. மலையடிவாரத்தில் கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி 2018-19-இல் ஐ-லீக் வென்றது. இன்று அது தேசிய லீக்கில் இல்லை. மேலே மலைக்கு இவற்றில் எதுவும் ஏறி வரவில்லை. சென்னையின் தொழில்முறை அணி குன்னூருக்கோ கூடலூருக்கோ வந்து போட்டி ஆட வேண்டிய கட்டாயம் எந்த அட்டவணையிலும் கிடையாது.

ஆனால் மலையில் பந்து உருண்டுகொண்டுதான் இருக்கிறது. நீலகிரியில் மைதானம் என்பது எளிதில் கிடைக்கும் பொருள் அல்ல. சரிவை வெட்டி மண்ணைத் தள்ளிச் சமன்செய்தால்தான் ஒரு மைதானம். ஒரு பக்கம் வெட்டிய மண்மேடு சுவராக நிற்கும், மறுபக்கம் சரிவு. அந்தப் பக்கம் பந்து போனால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கித் தேட வேண்டும். இடுப்பு உயரத்தில் வாது வாதாகப் பின்னி நிற்கும் செடிக்குள் புகுந்தால் கை கால் கீறாமல் வெளியே வர முடியாது. அதனால் அந்தப் பக்கம் ஆடுகிறவன் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளப் பழகுகிறான். தென்மேற்குப் பருவம் கூடலூர், தேவாலா பக்கம் கொட்டித் தீர்க்கும். வடகிழக்குப் பருவம் குன்னூர், கோத்தகிரியை நனைக்கும். நடுவே கிடைக்கும் மாதங்களில்தான் போட்டி வைக்க முடியும். மூடுபனி இறங்கினால் ஒரு கோல் போஸ்டிலிருந்து மறு கோல் போஸ்ட் தெரியாது.

இந்த மைதானங்களுக்குச் சட்டத்திலும் ஒரு வேர் உண்டு. 2025 வரை நடைமுறையில் இருந்த 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்குப் பொழுதுபோக்கு வசதியை எஸ்டேட் நிர்வாகம் செய்துதர வேண்டும் என்று விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. ரெஜிமென்ட் தம்பிகளுக்குச் செய்ததை, சிறிய அளவிலாவது எஸ்டேட் தொழிலாளிக்குச் செய்யட்டும் என்பதே அதன் பொருள். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்காக அரசு தொடங்கிய டேன்டீ தோட்டங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தியது. தேயிலை விலை சரியும் ஆண்டில் நிர்வாகங்கள் முதலில் கைவிடுவது இந்த வசதியைத்தான்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 1955-இன் எம்.ஆர்.சி. அணி நீலகிரி மண்ணில் பிறந்தவர்களின் அணி அல்ல. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் என்று தெற்கு முழுவதிலிருந்தும் படைக்குச் சேர்ந்தவர்கள் அவர்கள். படுகர் ஹட்டியிலிருந்தோ எஸ்டேட் லைன் வீட்டிலிருந்தோ வந்த பையன்களின் வெற்றி என்று இதைக் கொண்டாட முடியாது. வாதோவின் வெற்றி ஊரின் வெற்றி. வெலிங்டனின் வெற்றி ஒரு நிறுவனத்தின் வெற்றி. மலைக்காற்று நுரையீரலைப் பலப்படுத்தியதால் ஜெயித்தார்கள் என்ற விளக்கத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. உயரத்தில் பழகிய உடலுக்குக் கிடைக்கும் கூடுதல் பலம் சமவெளிக்கு இறங்கிய சில வாரங்களில் கரைந்துவிடும். வெலிங்டனிலிருந்து மலை ரயிலில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டில்லி என்பது அந்தக் காலத்துப் பாதை. அத்தனை தூரம் போய் இறங்கிய பிறகும் ஆட்டக்காரனின் காலில் இருந்தது, ஆண்டு முழுவதும் தவறாமல் கிடைத்த சாப்பாடும் பயிற்சியும் கொடுத்த பலம்.

அதனால்தான் இந்த வெற்றியைத் திரும்பச் செய்ய முடியும் என்று நம்புகிறேன். தட்பவெப்பத்தையோ பிறப்பையோ நாம் உண்டாக்க முடியாது, நிறுவனத்தை உண்டாக்கலாம். தமிழ்நாட்டுக்கு ஒரு திறந்த மாநிலக் கோப்பை வேண்டும். எஸ்டேட் அணி, படை அணி, வங்கி அணி, கல்லூரி அணி, வியாசர்பாடித் தெரு அணி, சென்னையின் ஐ.எஸ்.எல். அணி எல்லாம் ஒரே குலுக்கலில் வர வேண்டும். பெரிய அணிதான் சிறிய அணியின் மைதானத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் முதல் விதியாக இருக்கட்டும். இத்தாலி கைவிட்ட இடத்தை நாம் எடுத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்ன வசதி வெறும் காகிதமாகப் போய்விடாமல், எந்தெந்த எஸ்டேட்டில் மைதானம் ஆடும் நிலையில் இருக்கிறது என்று மாவட்ட நிர்வாகம் கணக்கெடுக்கட்டும். ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தின் வாசலில் 1955, 1958 என்ற இரண்டு ஆண்டுகளையும் பீட்டர் தங்கராஜின் பெயரையும் பொறித்து ஒரு பலகை வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. மாநிலக் கால்பந்துச் சங்கமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் இதில் எதையாவது ஒன்றை இந்த ஆண்டே தொடங்கலாம்.